பெயர் மாறும் பலகைகள்
ஆர்கேட் ஆட்டப் பலகைகளின் மாற்றமும் சேகரிப்பு விலையும்

பழைய காசுமாலையை உருக்கி வளையலாகச் செய்துகொள்வது நம் வீடுகளில் வழக்கம். செய்கூலியும் சேதாரமும் போகும், தங்கம் நிற்கும். அந்த வளையலை நகைக்கடனுக்குக் கொண்டு சென்றால், மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார், எடை போடுவார். அது முன்பு மாலையாக இருந்ததா என்று கேட்கமாட்டார். தங்கத்தின் மதிப்பு தங்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சந்தையை இக்கட்டுரையில் ஆராய்வோம். அங்கே பொருளுக்கு மதிப்பு மிகக் குறைவு. அது முன்பு என்னவாக இருந்தது என்பதற்கே விலை. நாணயம் போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களுக்குள் இருந்த மின்சுற்றுப் பலகைகளின் சந்தை அது. பழம்பொருள்களை முதலீடாகக் கருதுவோர் அதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன.

1970களின் இறுதியிலிருந்து ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விளையாட்டுக் கூடங்கள் பெருகின. ஆள் உயரப் பெட்டி, அதில் ஒரு திரை, சில பொத்தான்கள். உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை. ஆட்டத்தின் நிரலும் உருவங்களும் ஒலிகளும் அப்பலகையில் செருகப்பட்ட நினைவகச் சில்லுகளில் பதிந்திருந்தன. ஒரே நிறுவனத்தின் பல ஆட்டங்கள் ஒரே வகைப் பலகையில் இயங்கியதுண்டு. அத்தகைய பலகையில் சில்லுகளை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும். பலகை மாற்றம் என்பது இதுதான்.

இம்மாற்றம் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்ததன்று; தொழில் நடத்தியவர்களே தொடங்கி வைத்தது. நிண்டெண்டோ நிறுவனம் தன் ‘ராடார் ஸ்கோப்’ ஆட்டத்தில் சுமார் 3,000 இயந்திரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஏறத்தாழ 1,000 மட்டுமே விற்றன. தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 2,000 இயந்திரங்களை என்ன செய்வது என்ற நெருக்கடியில், அவற்றிலேயே ஏற்றக்கூடிய புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு ஷிகேரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் வந்தது. 1981இல் ‘டாங்கி காங்’ பிறந்தது. விற்காத சரக்கு நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. விலைக் கணக்கில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மாற்றப்பட்ட ஒவ்வோர் இயந்திரமும் உலகிலிருந்து ஒரு ‘ராடார் ஸ்கோப்’பைக் கழித்தது. அன்று வாங்க ஆளில்லாத ஆட்டம், இன்று சேகரிப்பாளர்கள் தேடியும் எளிதில் கிடைக்காத ஆட்டமாகிவிட்டது. அரிதான நிலை பல நேரங்களில் தோல்வியின் மிச்சம்தான்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்ற சிறு நிறுவனம், பிறர் செய்த ஆட்டங்களின் மேல் பொருத்தும் துணைப்பலகைகளை விற்றது. அட்டாரி நிறுவனம் வழக்குத் தொடுத்தது; அது சமரசத்தில் முடிந்தது. ‘பேக்-மேன்’ ஆட்டத்துக்காக அச்சிறு நிறுவனம் செய்த துணைப்பலகையை மிட்வே நிறுவனம் ஏற்றுக்கொள்ள, அது 1982இல் ‘மிஸ். பேக்-மேன்’ ஆக வெளிவந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களாக விற்றது. பேக்-மேன் பலகையின் செயலகச் சில்லைக் கழற்றி, அந்த இடத்தில் துணைப்பலகையைச் செருகினால் போதும். கழற்றிவிட்டால் பழைய ஆட்டம் திரும்பிவிடும். இப்படித் திரும்பப் பெறக்கூடிய மாற்றம் யாருக்கும் இழப்பைத் தருவதில்லை. இரு ஆட்டங்களும் ஏராளமாக இருந்ததால் ஏமாற்றுக்கும் பெரிதாக இடமில்லை.

1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் ‘ஜாமா’ என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தது. 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பு. எந்த நிறுவனத்தின் பலகையையும் அதில் செருகலாம். அதன்பின் பெட்டியும் பலகையும் தனித்தனிப் பொருள்களாயின. பெட்டி கூடத்திலேயே நிற்க, பலகைகள் கைமாறின. பலகைக்கெனத் தனி விலை உருவாக இது முக்கியக் காரணம்.

விலைச் சிக்கலை முழுமையாக விளங்கிக்கொள்ள, கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘சிபிஎஸ்-2’ அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இரு பலகைகள். ஒன்று எல்லா ஆட்டங்களுக்கும் பொது; மற்றொன்று அந்தந்த ஆட்டத்துக்குரியது. கள்ளப் பிரதிகளைத் தடுக்க நிரலை மறைகுறியாக்கி, அதைத் திறக்கும் சாவியை ஒரு சிறு பேட்டரியின் துணையால் மட்டும் நிலைக்கும் நினைவகத்தில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், பலகை இயங்காது. இதைச் சேகரிப்பாளர்கள் ‘தற்கொலை’ என்றே குறிப்பிடுகின்றனர். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு நியாயமாக வாங்கியவரின் பொருளையே கொல்லும்படி அமைந்தது விசித்திரமே.

இறந்த பலகைகளை உயிர்ப்பிக்க ஆர்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்தனர். முதலில் மறைகுறி நீக்கிய நிரலைச் சில்லுகளில் எழுதிப் பொருத்தினர். 2007இல் மறைகுறியாக்க முறையே வெளிப்பட்டது. 2016இல் அசல் சாவியை மீண்டும் பலகையில் எழுதும் வழியும் கிடைத்தது. மீட்புப் பணி என்ற அளவில் இது பாராட்டத்தக்கது. ஆனால் இறந்த பலகைக்கு அதன் சொந்தச் சாவியைத் தரும் அதே வழி, வேறோர் ஆட்டத்தின் சாவியையும் தரும். 1993இல் பெருமளவில் விற்ற ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ பலகை எளிதில் கிடைப்பது. 2001இல் கேவ் நிறுவனம் உருவாக்கிய ‘ப்ரோகியர்’ பலகை அரியது. முன்னதன் சில்லுகளை மாற்றிப் பின்னதாக்குவதைத் தடுத்த கதவு திறந்துவிட்டது.

இதனால் விலைகள் என்னவாயின? அசலின் விலை சரிந்திருக்கும் என்று முதலில் தோன்றும். நிகழ்ந்தது அவ்வளவு எளிதன்று. அதுவரை ஒன்றாக இருந்த விலை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, அந்த ஆட்டத்தை அசல் வன்பொருளில் விளையாடுவதற்கான விலை. மற்றொன்று, தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்த பலகையை உடைமையாகக் கொள்வதற்கான விலை. முன்னது இறங்கியது, விளையாட மட்டும் விரும்பியவர்கள் மாற்றிய பலகையோடு நிறைவடைந்தனர். எல்லா ஆட்டங்களையும் ஒரே பலகையில் ஏற்றும் கருவிகளும் வந்தபின் அவர்களுக்கு அசல் தேவைப்படவில்லை. பின்னது, அசல் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நின்றது. சான்றில்லாத அசலுக்கு அவ்விலை கிடைப்பது கடினமாயிற்று.

மலிவான ஆட்டங்களின் நிலையும் மாறியது. யாரும் விரும்பாத ஆட்டத்தின் பலகை வேறோர் ஆட்டத்துக்கு மூலப்பொருளாகிவிட்டது. ஆகவே அதன் விலை ஓர் அளவுக்குக் கீழே போகாது. ஆனால் மாற்றத்துக்கு உட்படும் ஒவ்வொரு பலகையோடும் மலிவான ஆட்டத்தின் எண்ணிக்கை ஒன்று குறைகிறது. ‘ராடார் ஸ்கோப்’புக்கு நேர்ந்ததே, இம்முறை சேகரிப்பாளர்களின் கையால் நேர்கிறது.

சந்தைக்கு இதைவிடப் பெரிய தீங்கு ஐயம். பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் பழைய கார்களின் சந்தையை ஆராய்ந்தார். 2001இல் நோபெல் பரிசு பெற்றோரில் அவரும் ஒருவர். நல்ல காரையும் பழுதுள்ள காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் இரண்டுக்கும் இடைப்பட்ட விலையையே தர முன்வருவார். அவ்விலைக்கு நல்ல காரின் உரிமையாளர் விற்கமாட்டார். சந்தையில் பழுதுள்ளவையே எஞ்சும். பலகைச் சந்தைக்கு இது அப்படியே பொருந்துகிறது. அசல் பலகை வைத்திருப்பவர் ஐயத்துக்குரிய விலைக்கு விற்க மனமின்றி, தம்மை அறிந்த வட்டத்துக்குள்ளேயே கைமாற்றிக்கொள்கிறார். புதிதாக நுழைபவர் கண்ணில் படுவது பெரும்பாலும் எஞ்சியவையே.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். மாற்றம் செய்பவர்களில் பலர் நேர்மையானவர்கள். ‘மாற்றியது’ என்று சொல்லியே விற்கிறார்கள். முதலில் வாங்குபவருக்கும் அது தெரியும். அவர் மற்றொருவருக்கு விற்கும்போது அந்தச் சொல் வாய்மொழியாகச் செல்கிறது. மூன்றாவது கையில் அது தொலைந்துவிடுகிறது. ஒருவரும் பொய் சொல்லாமலே மாற்றிய பலகை அசலாகிவிடுகிறது! எழுத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இது நேராது. மாற்றியது என்ற குறிப்பைப் பலகையிலேயே அழியாமல் பொறித்துவிடும் பழக்கம் பரவுவது நல்லது என்பது நம் கருத்து.

பலகையைத் திறந்து பார்த்தால் சில அடையாளங்கள் புலப்படும். சில்லுகளின் மேல் உற்பத்திக் காலம் நான்கிலக்க எண்ணாக இருப்பதுண்டு; 9342 என்றால் 1993ஆம் ஆண்டின் 42ஆம் வாரம். 2001இல் வந்த ஆட்டத்தின் பலகையில் எல்லாச் சில்லுகளும் 1993ஆம் ஆண்டுக்குரியவையாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஆட்டத்தின் உருவங்களைத் தாங்கும் சில்லுகள் தொழிற்சாலையிலேயே பதிவுசெய்யப்பட்டு, அதற்குரிய குறியீடு அச்சிடப்பட்டவையாக இருப்பது வழக்கம். அவற்றின் இடத்தில், புற ஊதா ஒளியால் அழித்து மீண்டும் எழுதத்தக்க கண்ணாடிச் சாளரச் சில்லுகள் இருந்தால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. மறுபற்றவைப்பின் கறை, புதிதாக அச்சிட்ட ஒட்டுச்சீட்டு, உறை திறக்கப்பட்ட தடம் ஆகியவையும் பேசும். எந்த ஒன்றும் தனித்த சான்றாகாது. பழுது பார்க்கும்போது நியாயமாகவே சில்லுகள் மாற்றப்படுவதுண்டு. உள்பலகையின் படங்களைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் அசலுக்குரிய விலையைக் கொடுக்கலாகாது.

சான்றின் மதிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எஸ்.என்.கே. நிறுவனத்தின் ‘நியோ ஜியோ’ ஓர் எடுத்துக்காட்டு. 1990இல் வந்த அதன் கூட வடிவமும் வீட்டு வடிவமும் ஒரே ஆட்டங்களை இயக்கின. கூடத்துக்கான பேழைகள் ஏராளம், மலிவு. வீட்டுப் பேழைகள் குறைவு, விலையும் மிகுதி. ஆகவே முன்னதன் சில்லுகளைப் பின்னதன் உறைக்குள் வைத்து மாற்றுவது ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. 1996இல் வந்த ‘கிஸுனா என்கவுண்டர்’ ஆட்டத்தின் ஐரோப்பிய வீட்டுப் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் டாலர் தருகிறார்கள். ஜப்பானியப் பதிப்பிலிருந்து அதை வேறுபடுத்துவது பெட்டியும் அச்சிட்ட தாளும் மட்டுமே. ஆட்டம் ஒன்றுதான், விலை முழுவதும் தாளில் இருக்கிறது.

மாற்றம் என்றாலே இழப்பு என்று முடிவு கட்டவும் முடியாது. நிண்டெண்டோ 1981இல் சோதனையாக வெளியிட்ட ‘ஸ்கை ஸ்கிப்பர்’ வரவேற்பைப் பெறவில்லை. அதன் பலகைகள் 1982இல் ‘பாப்பாய்’ ஆட்டமாக மாற்றப்பட்டன. ஸ்கை ஸ்கிப்பர் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பிற்காலத்தில் ஆர்வலர் சிலர் இதே வழியில் திரும்பி நடந்தனர். பாப்பாய் பலகையைச் சில்லு சில்லாக ஆராய்ந்து மீண்டும் ஸ்கை ஸ்கிப்பராக்கினர். நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் எஞ்சியிருந்த பெட்டியைப் பார்த்து அதைப் போலவே பெட்டியும் செய்தனர். அவர்கள் அதை அசல் என்று சொல்லவில்லை. என்ன செய்தோம் என்பதைப் படங்களுடன் பதிவு செய்து வைத்தனர். 2018 ஜூலையில் அவ்வாட்டம் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வெளிவந்தது. இன்று சில நூறு ரூபாயில் எவரும் அதை விளையாடலாம்.