மண்டலப் போட்டியும் தறிக்குழியும்

கபடியில் பக்கத்துக்கு எழுவர். பாடிச் செல்பவருக்கு 30 விநாடி. இது யாவரும் அறிந்ததே. மண்டலப் போட்டியின் முறையைப் பலர் அறியார். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் ஆட்டங்களில் திறன் காட்டியோரைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமைகிறது. ஆகவே கல்லூரி தோற்றாலும் நல்ல ஆட்டக்காரன் தேறலாம். அவ்வணி தென்மண்டலத்தில் ஆடும். அங்கு முன்னிற்கும் அணிகளே அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். 1925-இல் தோன்றிய பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் ஏற்பாடு இது.

அமெரிக்காவில் லாக்ரோஸ் என்னும் வலைக்கோல் ஆட்டத்தின் கல்லூரி மன்ற அணிகளும் வட்டாரவாரியாகவே மோதுகின்றன. செலவைப் பெரும்பாலும் ஆடுவோரே ஏற்பர்.

ஆரணியில் செலவு வேறு. தேர்வு நாளன்று எனக்குப் பதிலாக முழங்கால் வலியோடு அப்பா தறிக்குழியில் இறங்கினார். நான் தேறவில்லை. அடுத்த ஆண்டும் போகச் சொல்கிறார். பாவு முடியட்டும் என்கிறேன்.