புதிய இண்டி ஆல்பங்களைப் பரிந்துரைக்கும் முறை

புதிதாக வெளிவந்த ஓர் இண்டி ஆல்பத்தை இன்னொரு ரசிகரிடம் கொண்டுசேர்க்க விரும்புபவர், அது எவ்வளவு சிறந்தது என்று சொல்வதைவிட அதை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று சொல்வதே பயன் தரும் என்பது, இத்தகைய இசையை நெடுங்காலம் கேட்டும் பிறருக்குக் கொடுத்தும் வந்தவர்களின் அனுபவத்தில் உறுதிப்பட்ட செய்தி. ‘அற்புதம்’, ‘இந்த ஆண்டின் தலைசிறந்த படைப்பு’ போன்ற சொற்கள் சொல்பவரின் மகிழ்ச்சியைத் தெரிவிக்கின்றன. எந்தப் பாடலில் நுழைவது, எங்கே பொறுமை வேண்டும், எந்தக் கருவியைக் காது பின்தொடர வேண்டும் என்பவற்றில் ஒன்றைக்கூட அவை தெரிவிப்பதில்லை. கேட்கப் போகிறவருக்கு வேண்டியவையோ இவைதாம்.

இண்டி என்பது முதலில் ஒரு வெளியீட்டு முறையின் பெயர். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறு வெளியீட்டகங்கள் வழியாகவோ கலைஞர்களின் சொந்தப் பொறுப்பிலோ வெளிவரும் இசையை அது குறித்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய பணத்தில், நான்கு பாடல்கள் கொண்ட ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்னும் சிறு இசைத்தட்டைத் தானே வெளியிட்டது இதன் தொடக்கக் கட்டத்தின் முக்கிய நிகழ்வாகக் கருதப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெஃப் டிராவிஸ் லண்டனில் திறந்த ரஃப் டிரேட் என்னும் கடை இத்தகைய தட்டுகளை வாங்கி விற்றதோடு பிற கடைகளுக்கும் அனுப்பத் தொடங்கி, 1978இல் தானே ஒரு வெளியீட்டகமாகவும் ஆனது. இண்டியோடு சேர்த்தே சொல்லப்படும் ஆல்டர்நேட்டிவ் என்னும் பெயர், பெருவாரியாக ஒலிபரப்பாகும் இசைக்கு மாற்றாக அமெரிக்கக் கல்லூரி வானொலிகள் 1980களில் வளர்த்தெடுத்த ராக் இசையோடு சேர்ந்து பரவியது. விளம்பரத்துக்குப் பணமில்லாத இந்த இசை ஊர்விட்டு ஊர் போனதே, கடைக்காரர் வாடிக்கையாளரிடமும் ரசிகர் ரசிகரிடமும் ‘இதைக் கேளுங்கள்’ என்று சொன்னதால்தான்; ஆகவே நல்ல பரிந்துரை இங்கே பொழுதுபோக்குப் பேச்சாக நின்றுவிடாமல் அந்த இசையின் பிழைப்புக்கே உதவும் செயலாகிறது.

இந்தச் செயலுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று சொல்லத் தக்கவர் ஜான் பீல். பிபிசியின் ‘ரேடியோ 1’ வானொலியில் 1967 முதல் 2004இல் மறையும் வரை நிகழ்ச்சி நடத்திய அவர், 1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்து இளைஞர்களான அண்டர்டோன்ஸ் குழுவின் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாடலை ஒலிபரப்பியதும், அதே பாடலை உடனே இரண்டாம் முறையும் ஒலிபரப்பினார். அது பெல்ஃபாஸ்டிலிருந்த குட் வைப்ரேஷன்ஸ் என்னும் மிகச் சிறிய வெளியீட்டகத்தின் தட்டு. அந்தப் பாடலின் பெருமையை விரித்துப் பேசாமல் மறுபடி கேட்கவைத்தது, விளக்கத்தைவிடக் கேட்டலுக்கே முதலிடம் தந்த முடிவு. இன்றைய பரிந்துரையாளரும் நீண்ட பாராட்டுரையை அனுப்புவதற்குப் பதிலாக ஒரே ஒரு பாடலை அனுப்பி, ‘இரண்டு முறை கேளுங்கள்’ என்று மட்டும் எழுதுவது பல வேளைகளில் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் ஒரு பாடல் மட்டும் போதாத ஆல்பங்களும் உண்டு. அவற்றில் புதியவரைத் தடுத்து நிறுத்தும் கூறு எதுவோ அதை முன்கூட்டியே, அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்ற விளக்கத்தோடு சொல்லிவிட வேண்டும். இதற்குத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு மை பிளடி வாலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ (1991). கிட்டாரில் சுருதியை ஏற்றியிறக்கும் நெம்புகோலைக் கையில் பிடித்தபடியே தந்திகளை மீட்டும் கெவின் ஷீல்ட்ஸின் முறையால் இதில் ஒவ்வொரு சுரமும் நிலையின்றி அசைகிறது. பாடும் குரல்கள் கிட்டார்களுக்கு அடியில் தாழ்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. இதை அறியாமல் கேட்பவர், ஒலிப்பதிவில் குறை இருப்பதாகவோ தம் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதாகவோ எண்ணி நிறுத்திவிடுகிறார். ‘குரலைச் சொற்களுக்காகத் தேட வேண்டாம், அதையும் ஒரு கருவியாகக் கேளுங்கள்’ என்ற ஒரே வாக்கியம் அந்தத் தடையை அகற்றிவிடுகிறது. மேடையில் கால்மிதிக் கருவிகளைப் பார்த்துக் குனிந்தபடியே வாசித்ததால் பிரிட்டன் இதழ்கள் ஷூகேஸ் என்று பெயரிட்ட இந்த வகையில், இப்போது வெளிவரும் புதிய ஆல்பங்களைக் கொடுக்கும்போதும் அதே வாக்கியம் உதவுகிறது.

பாடல்களின் வரிசையே பொருள் தரும் ஆல்பங்களில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். தமிழ் ரசிகர் பெரும்பாலும் திரைப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். ஒவ்வொரு பாடலும் ஒரு காட்சிக்காக எழுந்து, தன்னளவில் நிறைவுபெற்று, எந்த வரிசையிலும் கேட்கத் தக்கதாக இருப்பது அவருக்குப் பழகிய நிலை. பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு என்னும் ஆங்கிலேயக் குழுவின் ‘ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்’ (2022) அப்படிப்பட்டதன்று. வயலினும் சாக்ஸபோனும் கிட்டாருக்கு இணையான இடம் பெறும் இந்த ஆல்பம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான முன்னிசையில் தொடங்கி, பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டும் ‘பாஸ்கெட்பால் ஷூஸ்’ பாடலில் முடிகிறது. இடையில் ‘கன்கார்ட்’ பாடலில் வரும், ஒலியைவிட வேகமாகப் பறந்த அதே பெயருடைய விமானத்தின் படிமம் இறுதிப் பாடலிலும் திரும்ப வருகிறது. இறுதிப் பாடலை மட்டும் தனியே எடுத்து அனுப்பினால் அதன் உச்சம் காரணமில்லாத கூச்சலாகவே கேட்கும். ‘கன்கார்ட்’ பாடலை நுழைவாயிலாகக் கொடுத்து, அது பிடித்திருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கி முதலிலிருந்து கேட்கச் சொல்வது பயன் தந்த வழி. அதோடு, ‘ஸ்னோ குளோப்ஸ்’ பாடலில் டிரம்ஸ் மற்றக் கருவிகளின் தாளத்தை விட்டு விலகி மோதுவது பிழையன்று என்பதையும் சொல்லி வைக்கலாம்.

இதே ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிவைக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. ஆல்பம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு பாடகர் ஐசக் உட் குழுவிலிருந்து விலகினார். கேட்போர் மனத்தை உருக்கக்கூடிய இந்தச் செய்தியைப் பரிந்துரையின் முதல் வரியாக வைப்பவர் பலர். அப்படி வைத்தால் கேட்பவர் பாடல்களை விட்டுவிட்டு, அவற்றில் அந்தப் பிரிவின் தடயங்களையே தேடுகிறார். போன் ஐவர் என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன் 2007இல் தாமே வெளியிட்டு, மறு ஆண்டு ஜாக்ஜகுவார் வெளியீடாகப் பரவிய ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ ஆல்பத்துக்கும் இதுவே நேர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டுக் குடிலில் குளிர்காலத்தைத் தனிமையில் கழித்து அவர் அதை உருவாக்கிய கதை மிகுதியாகச் சொல்லப்பட்டதால், ஒரே மனிதர் தம் உச்சக் குரலை அடுக்கடுக்காகப் பதிந்து ஒரு குழுப்பாட்டையே எழுப்பியிருக்கும் திறம் பின்னுக்குப் போய்விட்டது. கதையை ஒளிக்க வேண்டியதில்லை. முதல் கேட்டல் முடிந்த பிறகு சொன்னால், அது மறுகேட்டலுக்கு ஊக்கமாகிறது.

நுழைவாயில் பாடல் எது என்பது ஆல்பத்தை மட்டும் பொறுத்ததன்று. கேட்கப் போகிறவரையும் பொறுத்தது. பிக் தீஃப் குழுவின் ‘டிராகன் நியூ வார்ம் மவுண்டன் ஐ பிலீவ் இன் யூ’ (2022) இருபது பாடல்கள் கொண்டது. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி, கலிபோர்னியாவின் டோபாங்கா பள்ளத்தாக்கு, கொலராடோ மலைப்பகுதி, அரிசோனாவின் டூசான் ஆகிய நான்கு இடங்களில் பதிவானது. ஒரே ஆல்பத்துக்குள் பல முகங்கள் உடையது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய ஒருவருக்கு இதில் ‘ஸ்பட் இன்ஃபினிட்டி’ என்ற பாடலைக் கொடுப்பது பொருத்தம், ஏனெனில் அதில் ஃபிடிலோடு சேர்ந்து துள்ளும் ஜா ஹார்ப் என்பது நம் கச்சேரிகளில் ஒலிக்கும் மோர்சிங்கின் உறவுக் கருவி. பழகிய ஒலி ஒன்று காதில் விழுந்தவுடன் பழகாத பாட்டும் அருகில் வந்துவிடுகிறது. அதே ஆல்பத்தை மின்கிட்டார் ராக் கேட்பவருக்குக் கொடுக்கும்போது ‘லிட்டில் திங்ஸ்’ பாடலிலிருந்து தொடங்குவதே தகும். இருபது பாடல்களையும் ஒரே அமர்வில் கேட்கச் சொல்வதை இந்த வரிகளை எழுதுபவர் ஏற்பதில்லை. அந்த ஆல்பத்தில் தளர்வான இடங்கள் உண்டு, அவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மற்றப் பாடல்களைப் பற்றிய சொல்லும் நம்பப்படுகிறது. குறையே சொல்லாத பரிந்துரையாளரின் பாராட்டு விரைவில் மதிப்பிழப்பதைப் பலரிடம் காண முடிகிறது.

‘இது அதைப் போல இருக்கும்’ என்ற ஒப்பீடு எல்லோரும் கையாளும் சுருக்குவழி. எந்தக் கூறில் போல என்று சொன்னால்தான் அதற்குப் பயன் உண்டு. கனடாவைச் சேர்ந்த பேட்ரிக் ஃபிளெகல், சிண்டி லீ என்ற பெயரில் 2024இல் வெளியிட்ட ‘டயமண்ட் ஜூபிலி’ ஆல்பத்தை ‘அறுபதுகளின் பாப் இசை போன்றது’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் இனிமையை எதிர்பார்த்து ஏமாறுவார். மெட்டும் குரலும் அறுபதுகளின் பெண்குரல் குழுக்களை நினைவூட்டும். ஆனால் ஒலிப்பதிவு, பல முறை படியெடுத்த ஒலிநாடாவைப் போல மங்கலாகவும், கிட்டார் பல இடங்களில் கரகரப்பாகவும் இருக்கும் என்று பிரித்துச் சொன்னால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. இந்த ஆல்பத்துக்கு இன்னொரு செய்தியும் தேவைப்பட்டது: 32 பாடல்கள், இரண்டு மணி நேரம் ஓடும் இது, வெளிவந்தபோது வழக்கமான ஸ்ட்ரீமிங் சேவைகளில் இல்லை; எளிய இணையப் பக்கம் ஒன்றிலிருந்து தரவிறக்கவோ, யூடியூபில் ஒரே நீண்ட பதிவாகக் கேட்கவோ வேண்டியிருந்தது. கிடைக்கும் இடத்தைச் சொல்லாத பரிந்துரையால் பலர் இதைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டனர்.

அடுத்து என்ன கேட்பது என்ற கேள்விக்கு வகைப்பெயர்களைவிட மனிதர்களைப் பின்தொடர்வது நல்ல விடை தருகிறது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரத்தோடு தொடர்புடைய எம்.ஜே. லெண்டர்மன், வெட்னஸ்டே குழுவின் ‘ராட் சா காட்’ (2023) ஆல்பத்தில் கிட்டார் வாசித்தார். வாக்ஸஹாட்சி என்னும் இசைப்பெயரில் வெளிவந்த ‘டைகர்ஸ் பிளட்’ (2024) ஆல்பத்தில் கிட்டாரோடு துணைக்குரலும் தந்தார். அதே ஆண்டு தம் பெயரில் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார். கிராமிய இசையின் வழுக்கும் கிட்டார் ஒலியும் ராக்கின் இரைச்சலும் எந்த அளவில் கலந்தால் தமக்குப் பிடிக்கிறது என்பதை இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்கும் ரசிகர் தாமே கண்டறிவார். முன்பு கேட்டவற்றோடு ஒலியில் ஒத்தவற்றையே அடுக்கிக் கொடுக்கும் கணினி நிரல், இரைச்சல் மிகுந்த முதல் ஆல்பத்திலிருந்து அமைதியான இரண்டாவதற்கு இப்படி ஒருவரை அழைத்துச்செல்வது அரிது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடைப்பதில்லை. புதிய சிறு கலைஞர்களைத்தான் இந்த விதி பெரிதும் தாக்குகிறது. 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்கினால், தளம் பொதுவாக 15 விழுக்காடு எடுத்துக்கொள்ள, கட்டணச் செலவு போக மீதி கலைஞருக்கோ வெளியீட்டகத்துக்கோ சேர்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. பரிந்துரையின் கடைசி வரியில் வாங்கும் இடத்தைச் சேர்ப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

கொடுத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ‘பிடித்ததா’ என்பதன்று. அதற்குப் பெரும்பாலும் மரியாதைக்கான விடையே வரும். ‘எந்தப் பாடலில் நின்றீர்கள்’ என்று கேட்டால் அடுத்த ஆல்பம் தானே தெரிந்துவிடும். பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு கேட்டவர் ‘கன்கார்ட்’ என்றால், ஐசக் உட் விலகிய பின் மற்ற உறுப்பினர்கள் பகிர்ந்து பாடிய புதிய பாடல்களைக் கொண்ட ‘லைவ் அட் புஷ் ஹால்’ (2023) அவருக்கு உரியது. ‘ஸ்னோ குளோப்ஸ்’ என்றால், அவரைக் கென்டக்கி மாநிலத்து ஸ்லின்ட் குழுவின் ‘ஸ்பைடர்லேண்ட்’ (1991) ஆல்பத்துக்கு அனுப்பலாம். பிளாக் கன்ட்ரி, நியூ ரோடு தன் முதல் ஆல்பத்தின் ஒரு பாடலில் பெயர் சொல்லியே கடன்பட்டதை ஒப்புக்கொண்ட குழு அது. ஆறே பாடல்கள், குரல் பல இடங்களில் பாடாமல் பேசும், அமைதி நீண்டு திடீரென்று உடையும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.