கடை இணையத்தில், சரக்கு மலையில்

ஜவ்வாது மலைச் சாமையும் தேனும் புளியும் பொட்டலமாகிச் சமவெளிக்கு இறங்கத் தொடங்கியதிலிருந்து, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஆன்லைன் கடை போட நினைக்கும் குழுக்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. அந்த யோசனைகளில் பாதி பழசு, மீதி அரைகுறை.

"கமிஷன் இல்லாத தளம்தான் லாபம்."

மீஷோ 2021இல் கமிஷனை எடுத்துவிட்டது உண்மைதான். ஆனால் சின்ன வியாபாரியின் கையைக் கடிப்பது கமிஷனைவிடக் கூரியர். அரைக் கிலோ சாமை முறுக்கு நொறுங்காமல் இருக்க 30 செ.மீ. நீளம், 20 அகலம், 15 உயரப் பெட்டியில் வைக்கிறீர்கள். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் 1.8. தராசு அதைவிடக் குறைவாகக் காட்டினாலும், பல கூரியர்காரர்கள் 1.8 கிலோவுக்குத்தான் கூலி போடுவார்கள். சாமை அரிசிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கைக் கூலியே தின்றுவிடும். தேனுக்குத்தான் கூலி கட்டுபடியாகும், அதுவும் கண்ணாடிப் பாட்டில் மலைவளைவுகளைத் தாண்டி உடையாமல் போனால். சொந்தக் கடையில் கேஷ் ஆன் டெலிவரி வைத்து, வாங்குபவர் வேண்டாம் என்றால் போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில்தான்.

"ஜிஎஸ்டி எண் இல்லாமல் தளங்களில் விற்கவே முடியாது."

இது பழைய கதை. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி, மாநிலத்துக்குள் விற்கலாம். பெங்களூரு வாடிக்கையாளர் கேட்டால்தான் சிக்கல். மாநில எல்லை தாண்டினால் முழுப் பதிவு வேண்டும். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணோ எங்கே விற்றாலும் கட்டாயம்.

"சொந்த வெப்சைட் இருந்தால்தான் மதிப்பு."

இணையக் கடை கட்டும் வூகாமர்ஸ் மென்பொருள் இலவசம்; ஹோஸ்டிங், டொமைன், பேமென்ட் கேட்வே இலவசம் இல்லை. அதற்குப் பதில் பெரிய தளங்களுக்குப் போகலாம் என்றால், சாமை வருடம் முழுக்க விளைவதில்லை. அங்கே சரக்கு தீர்ந்து ஆர்டரை ரத்து செய்துகொண்டே இருந்தால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். மாதம் இருபது முப்பது ஆர்டர் வரும் குழுவுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகும் யுபிஐயும் தாராளம் என்பது என் கட்சி.

எதைத் தேர்ந்தாலும் முதலில் உங்கள் பின்கோடைக் கூரியர் தளத்தில் போட்டுப் பாருங்கள். பிக்கப் இல்லையென்றால் பெட்டிகளோடு போளூர் பஸ் ஏறுவது யார், எந்தக் கிழமை என்று குழுவில் பேசி முடித்துவிட்டு, ஆப்பைப் பிறகு இறக்கலாம்.