முதலில் கட்டில், பிறகு கேள்வி

மதுராந்தகம்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உன் அப்பாவுக்கு முட்டிவலி விட்டபாடில்லை. ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கிவிட்டாய் என்று அவன்தான் சொன்னான். "நம்ம இருளர் சனம் இருக்கிற குடியிருப்புக்குப் போய், குடிக்கிறவங்களுக்குப் பாடம் சொல்ற வேலை" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

"குடிக்காதேன்னு சொல்ற வேலை இல்லை அத்தை, குடிச்சாலும் உயிரும் கண்ணும் போகாம பாத்துக்கச் சொல்ற வேலை" என்று நீ போனில் விளக்கினாய். அதில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கன்வாடியில் இருந்த காலம் முழுக்கப் பார்த்துவிட்டேன், திட்டித் திருந்தின குடிகாரன் ஒருத்தனும் கிடையாது. திட்டினால் ஏரிக்கரைக்குப் போய் ஒளிந்து குடிப்பான். ஒளிந்து குடிக்கிறவன் கையில்தான் கண்ட பாக்கெட்டும் வந்து சேரும்.

என் கவலை வேறு. கம்பெனி பஸ் ஓடுகிற வாலாஜாபாத் ரோட்டில் விளக்கு எரியும். அங்கிருந்து ஏரிப் பக்கம் இறங்குகிற மண்பாதையில் எரியாது. குடியிருப்பில் ஆள் இருப்பது பொழுது சாய்ந்த பிறகுதான், நீயும் அந்த நேரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். சாராயம் விற்கிறவனுக்கு நீ யார் என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும். தனியாகப் போகாதே. அந்தக் குடியிருப்பிலேயே வயதான ஒரு பெண்பிள்ளையைத் துணைக்கு வைத்துக்கொள். அவள் சொன்னால்தான் ஆம்பிளைகளும் காது கொடுப்பார்கள்.

இன்னொன்று. போன மாதம் அனுப்பிய போட்டோவில் ஒரு குடிசை வாசலில் நீலப் பீப்பாய் இருந்ததே, கவனித்தாயா? மேலே மண்டை ஓடு படம் ஒட்டியபடியே இருக்கிறது, பாதியை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். உள்ளே குடிதண்ணீர். மேலே செம்பு மிதக்கிறது. கம்பெனியில் கழித்துப் போட்ட பீப்பாய் பழைய இரும்புக்கடை வழியாக நம் சனத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. சாராயப் பாடத்துக்கு முன்னால் அந்தப் பீப்பாயில் ஆரம்பி. பெண்களும் உட்கார்ந்து கேட்பார்கள்.

மெத்தனால் என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை அவர்களுக்கு எப்படிச் சொல்லப்போகிறாய் என்று யோசி. வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. குடித்த உடனேயும் ஒன்றும் ஆகாது. 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல். அதற்குள் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும், அதுதான் கண் நரம்பைக் கெடுப்பது. ராத்திரி குடித்தவன் காலையில் எழுந்திருக்காவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? "போதை இறங்கலை" என்று மோரைக் கொடுத்துப் படுக்க வைப்போம். டயாலிசிஸ் செய்து காப்பாற்றக்கூடிய நேரம் அந்த மோரில்தான் போகிறது. "கண்ணு மங்கினா மோர் வேண்டாம், 108" என்று மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் பதிய வைத்தால் போதும்.

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் நம்ம பெருக்கரணைப் பக்கத்திலும் 20 பேருக்கு மேல் போனார்கள். பெருக்கரணையில் போனது நம் இருளர் சனம். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல். அங்கே முதல் சாவு விழுந்தபோது, கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் அதிகாரிகள் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். உயிரோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறவனை எப்படி நடத்துகிறார்கள்?

பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உன் அப்பா கோபிப்பான், கோபிக்கட்டும். அண்ணனை நாங்கள் நேரத்தோடுதான் கொண்டுபோனோம். "எல்லாம் வெள்ளையாத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தது. சீட்டு எழுதுகிற இடத்தில் கேட்ட முதல் கேள்வி, "எங்க வாங்கினே, யாரு வித்தது?" இரண்டாவது, "நீங்க என்ன ஆளுங்க?" போலீஸ் வரட்டும் என்று வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அண்ணன் உயிர் தங்கியது, கண் தங்கவில்லை. வீட்டிலிருந்து புளியமரம் வரை கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததே, அதுதான் உனக்கு நினைவிருக்கும். அந்தக் கண் சாராயத்தில் மட்டும் போகவில்லை கண்ணு, வராந்தாவிலும் போனது.

முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் சமாச்சாரம் என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அதைத் தமிழில் எழுதி நகல் எடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் நம்மைப் போன்றவர்கள் காகிதத்தை நீட்டினால் வாசலில் வாங்கிப் பார்க்கிறார்களா?

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகள் பெட்ரோல் முகர்ந்து கெட்டுப்போன கதையை நீதான் சொன்னாய். 2005-இல் போதை ஏறாத ஓபல் பெட்ரோலை அந்த ஊர் பங்க்குகளில் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பழக்கம் குறைந்தது என்றாய். பிள்ளைகளுக்குச் சொன்ன புத்தி மட்டும் போதவில்லை, பெட்ரோலையே மாற்ற வேண்டியிருந்தது. இங்கே மாற வேண்டியது ஆஸ்பத்திரி வாசல். அது வெளியே நின்று பாடம் சொல்கிறவளால் மாறாது. உள்ளே வெள்ளை உடுப்போடு நிற்கிறவளால் மாறும்.

அதனால்தான் நர்சிங் டிப்ளமோவை ஞாபகப்படுத்துகிறேன். மூன்றே வருஷம். உன் இஷ்டம்தான், நான் வற்புறுத்தவில்லை. இந்த வேலை ஒரு வருஷ ஒப்பந்தம், பணம் நின்றால் ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள், குடியிருப்புக்காரர்கள் உன்னைத்தான் கேட்பார்கள். நர்சிங் படிப்பில் பழங்குடிக்கு இருப்பது 1 சதவீத ஒதுக்கீடு. அதற்கு வேண்டிய சாதிச் சான்றிதழுக்காக உன் அப்பா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்த நடையை நீ பார்த்திருக்கிறாய். இந்த வேலையிலேயே இருந்தாலும் சரிதான், ஆனால் யோசித்துப் பார், யோசித்தால் உனக்கே தெரியும்.

நிறையப் பேசிவிட்டேன். நம் வம்சத்தில் உன்னைப் போலத் தைரியசாலி பிறந்ததில்லை. பெரியப்பா இருந்திருந்தால் உன் குரலைக் கேட்டே பூரித்துப் போயிருக்கும். நீ எது செய்தாலும் நன்றாகத்தான் செய்வாய். கருவாடும் கொஞ்சம் மலைத்தேனும் உன் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கட்டாயம் வா, கன்னியம்மாவுக்கு உன் பேரில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நர்சிங் விண்ணப்பம் வாங்கித் தம்பியிடமே கொடுத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு.

உன் அத்தை