முற்றொருமையும் பரிமாணமும்: ஒரு வளையத்தைக் கையால் போட்டுப் பார்க்கும் வழி

பல்லுறுப்புக்கோவை முற்றொருமை உள்ள வளையங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் தேற்றங்களைத் தேடி ஓடுவதற்கு முன் ஒரே ஒரு வளையத்தைக் கடைசிவரை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. நான் சொல்வது இதைத்தான்: கலப்பெண்களின் மேல் ப, ம என இரண்டு மாறிகள்; ஒரே விதி, ம·ப = −ப·ம. வளையத்துக்கு வ என்று பெயர் வைப்போம்.

முதலில் மையம். ம·ப² = −ப·ம·ப = ப²·ம. ஆகவே ப² எல்லாவற்றோடும் இடம் மாறும், ம²-உம் அப்படியே. ஒற்றை அடுக்கு வந்தால் குறி மாறிவிடும் என்பதால், மையத்தில் ப², ம² ஆகியவற்றின் பல்லுறுப்புக்கோவைகள் மட்டுமே இருக்கும். அதன் மேல் 1, ப, ம, ப·ம என்ற நான்கும் அடிக்கணம். 4 = 2² என்பதால் 2×2 அணிகளைத் தேடுங்கள். ச, த இரண்டும் தம்முள் இடம் மாறும் புதிய மாறிகள். ப-வுக்கு மூலைவிட்டத்தில் ச, −ச, மற்ற இடங்களில் பூச்சியம். ம-வுக்கு மூலைவிட்டம் பூச்சியம், மற்ற இரண்டு இடங்களிலும் த. பெருக்கினால் விதி சரியாக வரும்; ஆகவே வ-வை இந்த அணிகளுக்குள்ளேயே பார்க்கலாம்.

இனி முற்றொருமை. 1950-இல் அமிட்சூர், லெவிட்ஸ்கி நிறுவிய தேற்றப்படி, 2×2 அணிகளில் எந்த நான்கை எடுத்து 24 வரிசைகளிலும் பெருக்கி, வரிசை மாற்றத்துக்குரிய குறியோடு கூட்டினாலும் பூச்சியம்தான். 24 உறுப்புகளையும் எழுத வேண்டியதில்லை. இரண்டு அணிகளை இரு வரிசையிலும் பெருக்கிக் கழித்து வர்க்கித்தால் அது எல்லாவற்றோடும் இடம் மாறும் என்ற ஹால் முற்றொருமையைச் சோதித்தாலே தெளிவு வரும்: ப·ம − ம·ப = 2ப·ம; அதன் வர்க்கம் −4ப²·ம², மையத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வித்தியாசத்தின் சுவடு பூச்சியம் என்பதால், கெய்லி–ஹாமில்டன் தேற்றம் அதன் வர்க்கத்தை அலகு அணியின் மடங்காக்கிவிடுகிறது.

அடுத்து முழுப் பரிமாணம், அதாவது மாட்யூல்களைத் தீர்க்கும் தொடர் அதிகபட்சம் எத்தனை அடி நீளும் என்பது. ப, ம இரண்டும் பூச்சியமாகச் செயல்படும் ஒற்றைப் பரிமாண இடப்பக்க மாட்யூலை எடுங்கள். (அ, ஆ) என்ற சோடியை அ·ப + ஆ·ம-க்கு அனுப்பும் கோர்த்தல் ஒன்று. இ-யை (இ·ம, இ·ப)-க்கு அனுப்புவது அதற்கு முந்தியது. ப, ம இரண்டுக்கும் படி 1 எனக் கொண்டால், படி ந-இல் வ-வுக்கு ந+1 அடிக்கண உறுப்புகள். (ந+1) − 2ந + (ந−1) = 0 என்று, ந ≥ 1 ஆன ஒவ்வொரு படியிலும் கணக்கு நேராகிறது; எனவே தொடர் இரண்டே அடியில் முடிகிறது. பூச்சியப் படியில் கலப்பெண்கள் மட்டுமே இருப்பதால், வளையத்தின் முழுப் பரிமாணமும் 2.

இப்போது ம² = 0 என்ற விதியையும் சேருங்கள். முற்றொருமை அப்படியே இருக்கும், ஈவு வளையத்துக்கு அது இறங்கிவிடும். பரிமாணம் இறங்காது. வலப்புறம் ம-ஆல் பெருக்கினால் பூச்சியமாகிறவை ம-வின் இடமடங்குகளேதான். ஆகவே அந்த இடமடங்குகளாலான மாட்யூலைத் தீர்க்கப் போனால் ஒவ்வோர் அடியிலும் அதே மாட்யூல் திரும்ப வந்து, தொடர் முடிவதே இல்லை. முற்றொருமையைக் கண்டதும் பரிமாணமும் அடங்கிவிடும் என்று நம்பாமல், இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

ஒரு குறுக்குவழி உண்டு. 1994-இல் ஸ்டாஃபோர்டும் ஜாங்கும் காட்டியபடி, பூச்சியப் படியில் களம் மட்டுமே உள்ள, படியிட்ட நோத்தேரியன் வளையம் முற்றொருமையோடு முடிவுள்ள பரிமாணமும் கொண்டிருந்தால், அதில் பூச்சிய வகுத்திகள் இருக்க முடியாது. பூச்சியப் படி பற்றிய நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்: 2×2 மேல் முக்கோண அணிகளில் பூச்சிய வகுத்திகள் நிறையவே உண்டு, முழுப் பரிமாணமோ 1.