வீட்டு விலையோடு உறுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம்



ஓய்வு பெறும்போது வரும் சேமலாப நிதி, சேவைக்காலப் பணம், பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்து அனுப்பும் காசு எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, தோட்டத்துக்கு வெளியே சின்ன வீடொன்று வாங்க நம்மவர்கள் பலர் விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் பேசிய விலை கையில் இருந்தால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள், உறுதி எழுதும் நாளில் நகையை அடகு வைக்கவும் வட்டிக்காரரிடம் ஓடவும் வேண்டி வருகிறது. ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

விலைக்கு மேலே என்னென்ன செலவு வரும் என்று பார்ப்போம்.

1. பழைய பதிவுகளைத் தேடும் செலவு: அட்வான்ஸ் கொடுக்க முன்பே, நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். காணி விற்பவருக்குத்தான் சொந்தமா, எங்காவது ஈடு வைத்திருக்கிறாரா என்பது அதில் தெரியும்.

2. சர்வேயர் செலவு: பிளானில் உள்ள பேர்ச்சஸ் அளவும் நிலத்தில் உள்ள எல்லையும் ஒன்றா என்று அளந்து பார்க்க வேண்டும்.

3. முத்திரை வரி: இதுதான் பெரிய செலவு. இது மாகாண சபைக்குப் போகிறது. பெறுமதியில் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

4. நொத்தாரிசு கூலியும் பதிவுக் கட்டணமும்: எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

5. வங்கிக் கடன் எடுத்தால் வீட்டை மதிப்பிடும் செலவும் ஈட்டு முறி எழுதும் செலவும் தனி.

6. சோலை வரி, மின்சாரம், தண்ணீர் பாக்கி: இவற்றை விற்பவர்தான் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. உங்களிடம் மொத்தமாக 30 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 இலட்சத்து வீட்டைத் தேடாதீர்கள். பத்தில் ஒரு பங்கை, அதாவது 3 இலட்சத்தை, முதலில் ஒதுக்கி வையுங்கள். 27 இலட்சத்துக்குள் வீடு பாருங்கள். 27 இலட்சத்துக்கு முத்திரை வரி 3,000 ரூபாவும் 104,000 ரூபாவும் சேர்ந்து 107,000 ரூபா. மிச்சம் 193,000 ரூபா மற்றச் செலவுகளுக்கும் லொறிக் கூலிக்கும் இருக்கும். ஏதும் மிஞ்சினால் அது கூரை திருத்த உதவும்.

வரியை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சிலர் சொல்லுவார்கள். கேட்காதீர்கள். வரி சந்தைப் பெறுமதிக்குத்தான். பிறகு பிரச்சினை வந்தால் நீங்கள் கொடுத்த முழுப் பணத்துக்கும் ஆதாரம் இருக்காது.

செலவுக்குப் பயந்து வெறும் தாளில் எழுதி வாங்குவதும் கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி விற்பனை உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிடப்பட வேண்டும். எழுதிய உறுதியைப் பதியாமல் பெட்டியில் வைப்பதும் ஆபத்து. விற்றவர் அதே காணியை இன்னொருவருக்கும் விற்று, அவர் முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கும். காசும் போய், வீடும் போய்விடும்.

உறுதி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு வருகிற முதல் உறுதி அது. விளங்காமல் அதில் கை வைக்கலாமா?

வீடு பார்த்தவுடன் அட்வான்ஸ் கொடுக்காமல், கணக்குத் தாளையும் விற்பவரின் உறுதிப் பிரதியையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.