வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு மடுக் கொட்டில்

மடு மாதா ஆலயத்தின் ஆவணித் திருவிழாவுக்கு லீவு கேட்கச் சரியான மாதம் ஆனி. ஆவணி (ஓகஸ்ட்) 15 இலங்கையில் பொது விடுமுறை அல்ல. மன்னார் அலுவலகங்களில் அன்று எத்தனை கதிரை வெறுமையாக இருந்தாலும் கலண்டரில் அது சாதாரண நாள்தான். பிந்திக் கேட்டால் "ஏற்கெனவே நாலு பேர் போகினம்" என்ற பதில் வரும்.

துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவர் எந்த லீவில் போகிறார் என்பதுதான் முதற் கேள்வி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலகப் பணியாளர் சட்டத்தின்படி, ஒரு வருடம் முடித்தவருக்கு 14 நாள் வருட லீவும் 7 நாள் கசுவல் லீவும் உண்டு. அந்த 14இல் குறைந்தது 7 நாள் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். அரச ஊழியருக்கு இதைவிடத் தாராளம்: கசுவல் 21, ஓய்வு லீவு 24. மடுவுக்கு வருட லீவில் போங்கள், கசுவல் லீவைத் தொடாதீர்கள். அது பிள்ளையின் காய்ச்சலுக்கும் டேகெயார் திடீரெனப் பூட்டும் நாளுக்கும் உரியது. வேலைத்தலத்தில் பாலூட்டும் இடைவேளை பிள்ளையின் முதலாவது பிறந்தநாளோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை ஓடத் தொடங்குகிற வயதில்தான் சட்டம் கையை விடுகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

கேட்கும்போது சுற்றி வளைக்க வேண்டாம். "சேர், ஆவணி 13 தொடக்கம் 16 வரைக்கும் வருட லீவு வேணும். சம்பளப் பட்டியலை 12ஆம் திகதியே முடிச்சுத் தாறன். பக்கத்து மேசை மிஸ் என்ர வேலையைப் பார்ப்பா, ஹஜ் பெருநாளுக்கு நான் அவவின்ரயைப் பார்ப்பன்." இவ்வளவும் போதும். பிள்ளை, தனிமை, நேர்த்திக்கடன் எதையும் இதில் சேர்க்கத் தேவையில்லை. உங்கள் உரிமைக்கு நியாயம் சொல்லத் தொடங்கினால் அது சலுகையாகிவிடும். கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வேலைசெய்யும் மன்னாரில் பெருநாள் மாற்று ஒழுங்கு மிக நல்ல நாணயம். வாங்கிய கடனை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஏன் மடு, மன்னார்க் கடற்கரை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆவணியில் அங்கே சோளகக் காற்று. 2020 மார்கழியில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையைத் தீவின் தென்கரையில் நிறுத்தியதே இந்தக் காற்றை நம்பித்தான். பெரியவர் நாலு பேர் பிடித்தாலும் கூடாரம் நிற்காத மணலில், ஒரு கையில் பிள்ளையோடு நீங்கள் என்ன செய்வீர்கள்? மடுவில் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் குடிதண்ணீர், சுகாதாரம், போக்குவரத்து, காவல் எல்லாவற்றையும் மாவட்டச் செயலகம் முன்கூட்டியே கூடி ஒழுங்குபடுத்துகிறது. கார் இல்லாத சனம் தலைமுறை தலைமுறையாகக் கொட்டில் போட்டுத் தங்கிய இடம் அது. சிலாபம், நீர்கொழும்பிலிருந்து வரும் சிங்களக் குடும்பங்களும் பக்கத்தில் அடுப்பு மூட்டும்.

போக்குவரத்து சுலபம். மன்னாரிலிருந்து திருவிழா பஸ்கள் நேரே ஆலயத்துக்குப் போகும். தூரத்திலிருந்து வருபவர் தலைமன்னார் ரயிலில் மடு வீதி நிலையத்தில் இறங்கலாம். 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ஆனால் பிரதான வீதியிலிருந்து ஆலயத்துக்கு இன்னும் சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். ஆகவே பகலில் போய்ச் சேரும் ரயிலாகப் பாருங்கள். நேர அட்டவணை மாறியிருக்கக்கூடும், முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதிக்கு ஒரே சட்டம்: பிள்ளையைத் தூக்கிய பிறகு மிஞ்சும் கையால் தூக்க முடிய வேண்டும். பையைக் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்து, வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பாதி சாமான் தானாகக் கழன்றுவிடும். ஒரு தறப்பாள், கயிறு, பாய், நுளம்பு வலை, இரண்டு பழைய சேலை, டோர்ச், மூடியுள்ள சின்ன வாளி. சேலை ஒன்று மறைப்புக்கு, மற்றது ஏணைக்கு. நல்ல கிளையில் ஏணை கட்டினால் நண்பகல் வெக்கையில் பிள்ளை இரண்டு மணித்தியாலம் தூங்கும், சமையலும் குளிப்பும் அந்த நேரத்தில். வாளி இரவில் பிள்ளைக்கு மலசலகூடம். இருட்டில் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். விலை கூடிய கூடாரம் வாங்க வேண்டாம், பகலில் அதற்குள் அவியும்.

நுளம்பு வலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 புரட்டாதியில் சான்று கொடுத்தது. அதே ஆண்டின் மார்கழியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, நாட்டுக்குப் புதிய மலேரியா நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. டெங்கும் இருக்கிறது. மடு மண் பாம்பு விஷத்திலிருந்து காக்கும் என்பது பழைய நம்பிக்கை. ஒரு பிடி எடுத்து முடிந்துகொள்ளுங்கள், பாயையும் உதறிவிட்டுப் படுங்கள். பாம்பு கடித்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இடம் பிடிப்பதுதான் முழுப் பயணத்தின் சூட்சுமம். மரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கொட்டிலைப் பாருங்கள். கிழவி ஒருத்தியும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்தின் அருகில் கட்டுங்கள். இறங்கிய உடனேயே "அக்கா, நானும் பிள்ளையும் மட்டும்தான், தண்ணி எடுக்கப் போகேக்க ஒருக்காப் பாப்பீங்களோ?" என்று கேளுங்கள். மறுப்பவர் அரிது. பதிலுக்கு அவர்களின் பானைக்கு அரிசியோ மீனோ போடுங்கள். தனி அடுப்பு உங்களுக்குத் தேவையே இல்லை. பிள்ளைக்குச் சமபோஷ, வாழைப்பழம், கொதித்தாறிய தண்ணீர், இரண்டு பைக்கற் ஜீவனி போதும். கச்சான் கடைகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் சின்னப் பிள்ளையின் தொண்டைக்குக் கச்சான் ஆபத்து.

அம்மம்மாவைத் துணைக்குக் கூப்பிட நினைப்பீர்கள். அவர் வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். 1990இல் மடுவில் தறப்பாளின் கீழ் படுத்தவர்கள் திருவிழாவுக்கு வந்தவர்கள் அல்ல. ஆயிரக்கணக்கான இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு அது அகதி முகாம். 1999 கார்த்திகை 20 இரவு ஆலய வளவில் ஷெல் விழுந்து, தஞ்சமடைந்திருந்த ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். அதே மரங்களுக்குக் கீழே மறுபடி தறப்பாள் கட்ட எல்லோருக்கும் மனம் வராது.

பிள்ளை தொலைவது பற்றிய பயம் நியாயமானது. சட்டையின் உட்புறத்தில் மார்க்கர் பேனையால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதுங்கள். கடும் நிறச் சட்டை போட்டு, காலையில் ஒரு படம் எடுத்துவையுங்கள். 14ஆம் திகதி மாலை வழிபாட்டுக்கும் 15ஆம் திகதி சொரூபப் பவனிக்கும் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம், ஓரத்தில் நின்றாலும் மாதா தெரிவா. ஆலய வளவைத் தாண்டிக் காட்டுக்குள் விறகுக்கும் போகாதீர்கள், அங்கே யானை நடமாட்டம் உண்டு. கூட்டமே ஆகாது என்பவர் 6ஆம் திகதி கொடியேறிய கையோடு வந்து 10க்குள் திரும்பலாம். ஆனால் அப்போது பக்கத்துக் கொட்டில்கள் குறைவு.

அலுவலக வட்சப் குழுவை நிசப்தமாக்குங்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் ஒருமுறை பார்த்தால் போதும், சார்ஜும் மிஞ்சும்.

15ஆம் திகதி ஆசீர் முடிந்ததும் எல்லாச் சனமும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். சாப்பிட்டு, ஏணையை அவிழ்க்காமல் பிள்ளையைத் தூங்கவிட்டு, வெயில் தாழ்ந்ததும் தறப்பாளை மடியுங்கள். இருட்டிவிடும்போல் இருந்தால் இன்னும் ஓர் இரவு தங்கி 16 காலை பஸ்ஸில் ஏறுங்கள், அதற்குத்தான் அந்த நாலாவது நாள்.